தலைவருக்கு விருந்து வைத்த பௌர்ணமி

சில வருடங்களுக்கு முன், ஊராட்சித் தேர்தல் அறிவித்த சமயம். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியிருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. காலையில் நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என் மருமகள் வந்து மிக்ஸியை அணைத்துவிட்டு, ரேஷன் கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல, "அத்தே, நான் பிரசிடென்ட் எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன்" என்றாள்.

"யாரை எதுத்து?"

"வேற யாரை? நம்ம தலைவரைத்தான்."

அட ராமா! எனக்கு வந்த கோபத்தில், திறந்த மூடியைத் திரும்பப் போடாமலே மிக்ஸியைத் திருகிவிட்டேன். சட்னி சுவரெல்லாம் தெறித்தது. அதைத் துடைத்துக்கொண்டே அவளைத் திட்டினேன். அவளும் கூடவே ஒரு துணியை எடுத்துவந்து துடைத்தாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

என் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் தலைவர் அப்படிப்பட்ட மனிதர். ஊரில் நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். என் கணவர் தவறியபோது பந்தல் போட்டதிலிருந்து காரியத்துச் சாப்பாடு வரைக்கும் கூடப்பிறந்தவன் மாதிரி நின்று பார்த்தவர் அவர்தான். என்னை 'யக்கா' என்றுதான் கூப்பிடுவார். போன தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரே கடைசியில் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று ஊரில் இன்னமும் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவரை எதிர்த்து, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வாழ வந்த பெண், வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள், நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசத் தெரியாதவள் நிற்கப் போகிறாளாம். 

என் மகனிடம் முறையிட்டேன். அவன் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறான். "அவ முடிவு பண்ணிட்டாம்மா. அவளுக்கு அந்தப் பாதைதான் வேணும். நீயும் நானும் இன்னா சொன்னாலும் கேக்க மாட்டா" என்று கழன்றுகொண்டான்.

அந்தப் பாதை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவுக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான், அது கிரிவலப் பாதையில் போய் முடியும். மற்ற நாளில் ஒரு தொந்தரவும் இல்லை. பௌர்ணமி வந்தால் மதியத்திலிருந்தே தடுப்புக் கட்டைகளைப் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிற இடம், போலீஸைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் வரைக்கும் எங்கள் தெருவுக்குள் ஒரு வண்டி வர முடியாது, போக முடியாது. தெருவின் பின்பக்கம், ஏரிக்கரையை ஒட்டி ஒரு பழைய வண்டிப்பாதை உண்டு. நேராகத் தார் ரோட்டில் போய்ச் சேரும். ஊராட்சிக்குச் சொந்தமான இடம்தான். சீமைக்கருவேல முள் மண்டி, பாதை இருக்கிற அடையாளமே இல்லாமல் போய்விட்டது.

மருமகளுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது ஒரு பௌர்ணமி சாயங்காலம். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கோ நிற்கிறது. நானும் மகனும் இரண்டு பக்கமும் அவளைத் தாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தோம். முன்னால் போனவர்கள் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினார்கள். மொழி தெரியாத ஆந்திரா அம்மா ஒருத்தி தன் துண்டால் விசிறிக்கொண்டே கூட வந்தாள். ஒவ்வொரு தடவை வலி வரும்போதும் என் மணிக்கட்டை மருமகள் பிடித்த பிடி இருக்கிறதே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பேத்தி பிறந்துவிட்டாள். அண்ணாமலையார் புண்ணியம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்றிலிருந்து தலைவரைப் பார்க்கும்போதெல்லாம் மருமகள் அந்தப் பின்பாதையைக் கேட்டாள். அவரும் ஒவ்வொரு முறையும் "பாத்துக்கலாம்மா, செஞ்சுடலாம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார். அவருக்கு ஊர் பூரா வேலை. ஒரு தெருவுக்கு மாதத்தில் ஒருநாள் வருகிற கஷ்டம் அவர் மனசில் கடைசியில்தான் நின்றது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இவள் தேர்தலில் நிற்பதாகக் கிளம்பினாள்.

அவள் பிரசாரம் செய்த அழகைக் கேளுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும், "தலைவர் நல்லவருதாங்க, அவரைக் குத்தம் சொல்லல" என்று ஆரம்பிப்பாள். எதிராளியைப் புகழ்ந்து ஓட்டுக் கேட்ட வேட்பாளரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அவளுக்கு ஒதுக்கிய சின்னம் கத்தரிக்காய். அவருக்குப் பூட்டு. "பூட்டை ஒடைக்க கத்தரிக்காயாலே ஆவுமா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். தலைவர் வீட்டுக்கே போய் ஓட்டுக் கேட்டுவிட்டு வந்தாள். அவர் மனைவி காபி கொடுத்து, குங்குமம் வைத்து, தாம்பூலத்தோடு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தனுப்பினாராம்.

ஊரில் ஒரு வீடு விடாமல் ஓட்டுக் கேட்டவள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நான் தலைவருக்குத்தான் போடுவேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன், அது வாஸ்தவம். அதற்காக ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? கேட்டிருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது.

இப்படி இருக்கும்போது பௌர்ணமி வந்தது. இரண்டு நாள் முன்னாலேயே மருமகள் மெதுவாக, "அத்தே, தலைவர் நம்ம வீட்ல கை நனைச்சு ரொம்ப நாளாச்சு இல்ல? பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடலாமா?" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பரவாயில்லையே, போட்டி வேறு, மரியாதை வேறு என்று தெரிந்து நடந்துகொள்கிறாளே என்று மெச்சிக்கொண்டேன். நானே போன் போட்டுக் கூப்பிட்டேன். "யக்கா கூப்பிட்டு வராம இருப்பேனா?" என்றார். விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து அடுப்படியில் நுழைந்தேன். முருங்கைக்காய் சாம்பார், எண்ணெய் கத்தரிக்காய், வாழைக்காய் வறுவல், வேர்க்கடலைத் துவையல், மெதுவடை, பால் பாயசம் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

தடுப்புப் போடுவதற்கு முன்பே தலைவர் தன் காரில் தனியாக வந்து இறங்கினார். இலையில் கத்தரிக்காயைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. "ஏம்மா, உன் சின்னத்தையே எனக்குப் போட்டு முழுங்க வெக்கிறியே, இது நியாயமா?"

"ஜாஸ்தி போடட்டுமா தலைவரே?" என்றாள் இவள்.

அவர் ரசித்துச் சாப்பிட்டார். பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மருமகள் எதற்கும் அவசரப்படவில்லை. வெற்றிலை கொடுத்தாள். தைத்த துணிகளைக் காட்டினாள். பேத்தியைப் பாட்டுப் பாடச் சொன்னாள். நான் வேறு பழைய கதையெல்லாம் ஆரம்பித்துவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்பில் அன்று சாயங்காலம் அவருக்குக் கூட்டம். மைக் செட் கட்டி, நாற்காலி போட்டு ஜனங்கள் காத்திருப்பார்கள்.

கார் தெருமுனை வரைதான் போனது. அங்கே தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஜன சமுத்திரம். வெளி மாவட்டத்திலிருந்து வந்த இளம் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நான் இந்த ஊர் தலைவருங்க."

"யாரா இருந்தாலும் வண்டி போகாது சார். திரும்புங்க."

"கொஞ்ச தூரந்தாங்க, ஏரியைச் சுத்தி அந்தப் பக்கம் போவணும்."

"அவ்ளோ ஜனத்துல வண்டிய எங்க சார் விடறது? நீங்களே சொல்லுங்க."

பாவம், போலீஸ்காரர் சொன்னதும் சரிதான். தலைவர் யார் யாருக்கோ போன் அடித்தார். கூட்ட நெரிசலில் போனும் சரியாகக் கிடைக்கவில்லை. வியர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலுக்கே திரும்பி வந்து நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி மருமகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அடிப்பாவி! நான் விடியற்காலையிலிருந்து வெந்து வேகவைத்தது இதற்குத்தானா?

"பின்னால ஒரு வழி இருக்கு தலைவரே" என்றாள். "முள்ளுதான். நடந்து போயிடலாம். நான் முன்னால போறேன்."

தலைவருக்குக் கனத்த உடம்பு, முழங்கால் வலி வேறு. வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் கிளம்பிவிட்டேன். மருமகள் கையில் ஒரு கோலை எடுத்துக்கொண்டு முள்ளை விலக்கி விலக்கி முன்னால் நடந்தாள். அவர் நடுவில், நான் கடைசியில். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் ஏற, "யம்மா" என்று ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் குனிந்து அவர் காலைத் தன் முழங்காலில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஐயோ, வேணாம்மா" என்று அவர் கூச்சப்பட்டார். அவள் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, முள்ளைப் பக்குவமாக நெம்பி எடுத்தாள். மலைப் பக்கமிருந்து அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தலைவர் முள் மண்டிக் கிடந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "அன்னிக்கு வலியோட இந்த வழியாவா வந்தே?" என்று கேட்டார்.

"இல்ல தலைவரே. இதுல நடக்க முடியாதுன்னுதான் கூட்டத்துக்குள்ள போனோம். நடுவுல ஒரு எடத்துல என்னால முடியல. அத்தே தோள்ல சாஞ்சிட்டேன். புள்ள போயிடும்னே நெனச்சேன்."

இத்தனை வருடத்தில் அவள் இதை என்னிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒரு தபாவாவது இங்க வந்து பாத்திருக்கணும்மா. தப்புதான்" என்றார்.

எழுந்து நடக்கும்போது, "ஆமா, நீ சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது இதுக்குத்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நான் சோறு போட்டேன், அவ்ளோதான்" என்றாள். இன்று வரைக்கும் யார் கேட்டாலும் அவள் பதில் அதுதான்.

அவர் போய்ச் சேரும்போது கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். கிழிந்த வேட்டியோடு மேடை ஏறி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கத்தரிக்காய் சாப்பிட்டதிலிருந்து முள் எடுத்தது வரைக்கும் சொல்லி, ஜனங்களைச் சிரிக்கவைத்து, கடைசியில், "நான் ஜெயிச்சா மொத வேலை அந்தப் பாதைதான்" என்று மைக்கில் அறிவித்தார். கை தட்டல் காதைப் பிளந்தது. நானும் தட்டினேன். பக்கத்தில் திரும்பினால் மருமகள் தட்டவில்லை.

"அவ்ளோதான் அத்தே" என்றாள். "நம்ம கையில இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் அவரே வாங்கிக்கிட்டாரு. இனிமே எனக்கு யாரு ஓட்டு போடுவா?"

அவள் சொன்னபடியேதான் நடந்தது. எங்கள் தெருக்காரர்களே, "அதான் தலைவரே போட்டுத் தரேன்னுட்டாரே, அப்புறம் நீ எதுக்கும்மா?" என்று கூசாமல் கேட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! யாருக்காக அவள் இத்தனை அலைந்தாள்? "அவரை அந்த முள்ளுல நடக்க வெச்சது யாருடி?" என்று குழாயடியிலேயே சண்டைக்கு நின்றேன். ஓட்டுப் போடும் நாளுக்கு முன்தினம் அவளிடம் நானே போய், "ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டியே, என்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்க அவருக்குத்தான் போடுவீங்கன்னு தெரியும் அத்தே. அந்தச் சங்கடம் உங்களுக்கு எதுக்குன்னுதான் கேக்கல" என்றாள். நான் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தேன். மறுநாள் அந்த ரோஸ் கலர் சீட்டில் கத்தரிக்காய் மேல் அழுத்தி முத்திரை குத்தினேன். 

தோற்றுப்போனாள். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றாள். வாக்கு எண்ணிய இடத்திலிருந்து வந்தவள் முகம் கழுவி, இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். பாதைதான் வரப்போகிறதே, அது போதாதா என்று நான் தேற்றினேன். "வந்தாத்தானே அத்தே" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் சால்வை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போய், போர்த்திவிட்டு, "எப்போ ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு பௌர்ணமி அப்படியே போனது. இவள் விடவில்லை. வாரம் தவறாமல் அவர் வாசலில் போய் நின்றாள். கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் கேட்டாள். சத்தமாகப் பேசத் தெரியாதவள் என்று சொன்னேனே, அந்தப் பெண்தான். "தோத்தப்புறமும் உனக்கு வேற வேலை இல்லியா?" என்று யாரோ கிண்டல் செய்ய, "தோத்தவளுக்குத்தாங்க டைம் ஜாஸ்தி" என்றாள். கூட்டமே சிரித்தது, தலைவர்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். அடுத்த சில நாட்களில் ஜேசிபி வந்து முள்ளை வாரியது. மழைக்காலத்துக்கு முன்னால் கிராவல் ரோடு போட்டாகிவிட்டது. ரோடு முனையில் தலைவர் பெயர் போட்ட பலகை வைத்தார்கள். எனக்கு எரிச்சல்தான். இவள், "ரோட்டைப் பாருங்க அத்தே, பலகைய ஏன் பாக்குறீங்க?" என்றாள்.

ஆனால் ஊர் வாயை யாரால் கட்ட முடியும்? அந்தப் பலகைப் பெயரை ஒருத்தரும் சொல்வதில்லை. ஆட்டோக்காரர்களிலிருந்து பால்காரர் வரைக்கும் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'தோத்தக்கா ரோடு.' முதலில் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. இப்போது துணி தைக்க வருகிறவர்களுக்கு அவளே அப்படித்தான் வழி சொல்கிறாள். தலைவரும் போனில், "மெயின்ல வராதீங்க, தோத்தக்கா ரோட்டுல வாங்க" என்றுதான் சொல்கிறாராம்.

போன பௌர்ணமி சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தது. அவள் புருஷன் ஆட்டோவுக்குப் போன் போட்டான், அது பின்பக்கமாக வந்து வாசலிலேயே நின்றது. என் மருமகள் தையல் மிஷினை விட்டு எழுந்து ஓடி, அந்தப் பெண்ணை அலுங்காமல் ஏற்றி உட்காரவைத்தாள். ஆட்டோ ஏரிக்கரையில் திரும்பி மறைகிற வரைக்கும் தெருவிலேயே நின்றாள். "ஒரு அடிகூட நடக்கல அத்தே அவ" என்றாள்.  ஜெயித்தவர்களையே கொண்டாடிப் பழகிய எனக்கு, தோற்ற ஒருத்தியின் பெயரைச் சொல்லி ஊரே வழி கேட்கும்போதெல்லாம் இவள் என் வீட்டுக்கு மருமகளாக வந்தாளே என்று பெருமையாக இருக்கிறது.